கருப்பன் உட்கார்ந்திருந்த இடம்

கருப்பன் காணாமல்போனது ஒரு ஜனவரி சனிக்கிழமை, காலை 6.30-க்கு. கிடைத்தது 9.45-க்கு. நடுவில் நான் என்ன நினைத்தேன், என் மனைவி என்னை என்னவெல்லாம் சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. வெளியே மைனஸ் 18 டிகிரி. முழங்காலளவு பனி. கயிறு மாட்டாமல், "சீக்கிரம் போயிட்டு வாடா" என்று பின்கதவைத் திறந்துவிட்டவன் நான்தான். ஆகவே வாங்கிய திட்டு மொத்தமும் நியாயம்.

நாங்கள் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில். சின்னச் சின்னக் குன்றுகள், ஓடைகள், பால் பண்ணைகள், இடையிடையே ஆட்டுப் பண்ணைகள். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு ஊருக்கு வெளியே வீடு வாங்கி வந்தோம். கருப்பன் விலங்குக் காப்பகத்திலிருந்து வந்தவன். லாப்ரடார் கலப்பு, 28 கிலோ, சாப்பாட்டு நேரம் தவிர வேறெதிலும் ஒழுங்கில்லாதவன்.

கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். தடம் எங்கள் எல்லையைத் தாண்டி, உறைந்த ஓடையைத் தாண்டி, பக்கத்து ஆட்டுப் பண்ணையின் வேலியோரம் போயிற்று. அங்கே அவன் உட்கார்ந்திருந்தான். சும்மா, யாருக்கோ காத்திருக்கிற மாதிரி. அவனைச் சுற்றிப் பனி வட்டமாக மிதிபட்டிருந்தது. கவராயம் வைத்து வரைந்த மாதிரி அத்தனை சுத்தமான வட்டம். என்னைக் கண்டதும் வாலை ஆட்டி எழுந்து ஓடி வந்தான். ஏழடி தள்ளி எதுவோ அவனை வெடுக்கென்று நிறுத்தியது. அப்போதுதான் கழுத்தில் இருந்த கம்பியைப் பார்த்தேன்.

நான் செய்ததெல்லாம் தப்பு. முதலில் கம்பியைப் பிடித்து இழுத்தேன். இறுகியது. அவன் என் பக்கம் தாவினான். இன்னும் இறுகியது. இடுக்கி எடுத்துவர வீட்டுக்கு ஓடலாமா, விட்டுவிட்டுப் போகலாமா என்று தவித்தபோது கம்பியின் மறுமுனையில் ஒரு சின்ன உலோகத் தகடு தெரிந்தது. அதில் வைத்தவரின் அடையாளம் பொறித்திருந்தது. இங்கே பொறி வைப்பவர் ஒவ்வொரு பொறியிலும் தன் தகட்டைக் கட்டியாக வேண்டும். பெயர் தெரிந்த பெயர். இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியவர், பால் பண்ணை நடத்தி ஓய்வு பெற்றவர், கோடையில் எங்களுக்குத் தக்காளி கொடுப்பவர்.

கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் வந்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். என் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த கருப்பனை இடுப்பில் கைகொடுத்து எதிர்ப்பக்கமாக, கம்பி கட்டியிருந்த முளையை நோக்கி மெல்லத் தள்ளினார். கம்பி தொய்ந்தது. கழுத்தோரம் இரண்டு விரலை விட்டு எதையோ சாய்த்துப் பின்னால் நகர்த்தினார். வளையம் அகன்று அவர் கையோடு வந்துவிட்டது. மூன்று விநாடிகூட ஆகவில்லை. கருப்பன் அவர் கையை நக்கினான். துரோகி.

கழுத்தில் மயிர் கொஞ்சம் கலைந்திருந்தது, அவ்வளவுதான். மருத்துவரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

அன்று மதியம் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பண்ணை நிலத்தில், பண்ணைக்காரரின் அனுமதியோடு, சட்டப்படி வைத்த கண்ணி அது. அத்துமீறிப் போனது கருப்பன். அத்துமீற விட்டது நான். சாயங்காலம் அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏம்ப்பா, அந்த மனுசர் வீட்ல நாய் இருக்கா?"

இருந்தது. பதினான்கு வயது பீகிள், பாதிக் கண் தெரியாத கிழவி. மறுநாள் காலை அவரே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். தப்பு தன்னுடையதும்தான் என்றார். கண்ணி வைக்கும் முன்பு அக்கம்பக்கத்தில் நாய் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் போய்ச் சொல்லிவிடுவது அவர் வழக்கமாம். எங்கள் நாய் எப்போதும் கயிற்றில்தான் போகிறது, பார்த்திருக்கிறோமே என்று எங்கள் வீட்டை விட்டுவிட்டார். கடைசியில், நேரம் இருந்தால் என்னோடு ஒரு சுற்று வா, எப்படி வைக்கிறேன் என்று பார், பார்த்துவிட்டுக் கோபப்படு என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க வாரக் கடைசிகளில் அவர் பின்னால் நடந்தேன். இந்தப் பதிவு அதிலிருந்து வந்ததுதான்.

முதலில் எதற்காக இதெல்லாம் என்று சொல்லிவிடுகிறேன். கயோட்டி. நகரத்தில் இருப்பவர்கள் அப்படிச் சொல்வார்கள்; எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டுக் 'கையோட்' என்பார்கள். மெக்சிகோவின் நாவாட்டில் மொழிச் சொல் ஸ்பானியர் வழியாக வந்தது. பார்க்க நம் ஊர் நரிக்குப் பங்காளி மாதிரி இருக்கும், கொஞ்சம் உயரம். இங்கே 10 முதல் 18 கிலோ வரை எடை. ஒரு காலத்தில் மேற்குச் சமவெளியிலும் பாலைநிலங்களிலும் இருந்த பிராணி. வெள்ளைக்காரர்கள் ஓநாய்களைத் துடைத்தெடுத்தார்கள், காடுகளை வயலாக்கினார்கள். காலியான இடத்துக்கெல்லாம் கயோட்டி குடிவந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அட்லாண்டிக் கரையைத் தொட்டுவிட்டது. இன்று ஹவாய் தவிர 49 மாநிலங்களிலும் உண்டு. சிகாகோ நகரத்துக்குள்ளேயே உண்டு. அங்கே ஸ்டான்லி கெர்ட் என்ற ஆய்வாளரின் குழு 2000-ஆம் ஆண்டிலிருந்து அவற்றைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, திரும்ப விட்டு ஆராய்ந்து வருகிறது. அந்த ஆய்வுக்குக் கயோட்டி பிடிக்க அவர்கள் பயன்படுத்தியவற்றில் கருப்பன் மாட்டினது போன்ற கம்பிக் கண்ணியும் ஒன்று. இதை நான் தெரிந்துகொண்டபோது ஒரு விஷயம் தெளிவாயிற்று: கழுத்தில் விழும் கண்ணி என்றால் கொல்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உயிரோடு பிடித்து, உயிரோடு விடுவதற்கும் அதே கண்ணி போதுமானது.

அப்படியானால் எது கொல்கிறது?

பெரியவர் தன் கொட்டகை மேஜையில் ஒரு கண்ணியைப் பரப்பிவைத்துக் காட்டினார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் முழுக்க இந்தச் சில்லறை உறுப்புகளில்தான் இருக்கிறது. விமானங்களில் பயன்படும் வகை முறுக்குக் கம்பி, துத்தநாகம் பூசியது. அங்குலத்தில் 64-ல் 5 பங்கு தடிமனுக்குக் குறையக் கூடாது. மெல்லிய கம்பி தோலை அறுக்கும், தடித்தது அறுக்காது. மொத்த நீளம் ஏழடிக்கு மேல் போகக் கூடாது. முளையோடு சேரும் இடத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு சுழலி, இங்கே ஸ்விவல் என்பார்கள். பிராணி சுற்றிச் சுற்றி வந்தாலும் கம்பி முறுக்கேறாது. முறுக்கேறிய கம்பி குட்டையாகும், குட்டையானால் கழுத்து நெரிபடும், அதற்காக.

அடுத்தது பூட்டு. ஒரு வாஷரை நடுவில் வளைத்து, இரண்டு பக்கமும் துளை போட்டுக் கம்பியைக் கோத்தால் எப்படியிருக்கும்? அதுதான். பிராணி இழுக்கும்போது வாஷர் சாய்ந்து கம்பியைக் கவ்வும், வளையம் சுருங்கும். இழுப்பதை நிறுத்தினால் கவ்வல் தளரும். இதை ரிலாக்ஸிங் லாக் என்கிறார்கள். பெரியவர் கருப்பனை முளைப் பக்கம் தள்ளியது இதற்காகத்தான். நானோ இழுத்து இழுத்துப் பூட்டுக்கு உதவி செய்துகொண்டிருந்தேன்.

வளையத்துக்குள் இரண்டு ஸ்டாப் உண்டு. ஒன்று, வளையம் 12 அங்குல அகலத்துக்கு மேல் விரியாமல் தடுப்பது. இன்னொன்று இரண்டரை அங்குலத்துக்குக் கீழே சுருங்காமல் தடுப்பது. இரண்டாவது மானுக்கு. மான் கண்ணியில் காலைத்தான் வைக்கும். அந்த இரண்டரை அங்குலத்தில் அதன் கால் நழுவி வெளியே வந்துவிடும். கடைசியில் ஒரு கொக்கி: குறிப்பிட்ட பலத்துக்கு மேல் இழுத்தால் நெகிழ்ந்து திறந்துவிடும். 285 பவுண்டு, 350 பவுண்டு என்று கடையில் எண் போட்டே விற்பார்கள். மானோ கன்றுக்குட்டியோ ஓடுகிற வேகத்தில் இழுத்தால் கொக்கி திறக்கும். நாய்க்கு இது உதவுமா என்று கேட்டேன். உதவாது என்றார், ஒளிக்காமல். நாய்க்கு இருக்கிற பலம்தான் கயோட்டிக்கும்; நாயை விடுகிற கொக்கி கயோட்டியையும் விட்டுவிடும்.

அங்கேதான் எனக்குச் சிக்கலின் முடிச்சு பிடிபட்டது. மானுக்கும் கயோட்டிக்கும் நடுவில் இரும்பால் ஒரு வித்தியாசம் செய்துவிடலாம். நாய்க்கும் கயோட்டிக்கும் நடுவில் முடியாது. இரண்டும் ஒரே பேரினம், கழுத்து ஒன்று போல, உயரம் ஒன்று போல, ஏன், இரண்டும் கூடிக் குட்டியும் போடும். கிழக்குப் பகுதிக் கயோட்டிகளின் மரபணுவில் ஓநாயும் கொஞ்சம் நாயும் கலந்தே இருக்கின்றன. ஆகவே கண்ணிக்கு நாயைத் தெரியாது. நாயை மாட்டாமல் விடும் கண்ணி என்று ஒன்றைச் செய்ய முடியாவிட்டாலும், மாட்டிய நாய் சாகாத கண்ணியைச் செய்யலாம். மாட்டாமல் இருப்பதற்கு வேறு வேலை செய்ய வேண்டும்.

சாகாததற்குக் காரணம் பூட்டு மட்டும் இல்லை. சொல்லப்போனால் பூட்டைவிட முக்கியமானது சுற்றியிருக்கும் வெற்றிடம். கண்ணியில் மாட்டிய பிராணி சாவது பெரும்பாலும் எதிலாவது சிக்கிக்கொண்டால். கம்பி ஒரு புதரைச் சுற்றும், குட்டையாகும். அல்லது பிராணி வேலியைத் தாண்டிக் குதிக்கும், கம்பி மேலே மாட்டும், அந்தரத்தில் தொங்கும். உடல் எடை இழுக்கிறவரை எந்தப் பூட்டும் தளராது. அதனால்தான் சுற்றிலும் கம்பி எட்டுகிற தூரத்துக்குள் வேலி, விழுந்த மரம், அரை அங்குலத்துக்கு மேல் தடித்த செடி எதுவும் இருக்கக் கூடாது என்கிறார்கள். முளையும் மண்மட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கருப்பனைச் சுற்றி நான் பார்த்த அந்தச் சுத்தமான வட்டம் தற்செயல் இல்லை. அதற்கு முந்தைய வாரமே ஒரு கிழவர் குனிந்து குனிந்து அங்கிருந்த செடிகளை வெட்டியிருக்கிறார்.

விஸ்கான்சினில் இதற்கு 'ஸ்னேர்' என்ற பெயரே வேண்டாம் என்று, 'கேபிள் ரிஸ்ட்ரெய்ன்ட்' என்று வைத்திருக்கிறார்கள். கட்டிவைக்கும் கம்பி என்று சொல்லலாம். முதலில் இதைப் பெயர்ப்பூச்சு என்றுதான் நினைத்தேன். அரசாங்கங்கள் அப்படிச் செய்யாதவையா என்ன? ஆனால் 2000-களின் தொடக்கத்தில் மாநில இயற்கை வளத் துறை களத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தது. பென்சில்வேனியாவில் தனிப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்தான் வைக்கலாம். அமெரிக்க அளவில் 1997-இல் தொடங்கிய பொறிச் சோதனைத் திட்டம் ஒன்று உண்டு. பிடிபட்ட விலங்குகளில் குறைந்தது 70 சதவீதம் காயமே இல்லாமலோ மிதமான காயத்தோடோ இருந்தால்தான் அந்தப் பொறி தேறும். மீதி 30 என்ன கதி என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பெரியவர் பதில் சொல்லவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கொல்வதற்கென்றே செய்த கண்ணிகள் உண்டு. தளராத பூட்டு, சில வகைகளில் கூடவே ஒரு ஸ்பிரிங். பிராணி இழுப்பதை நிறுத்தினாலும் ஸ்பிரிங் இறுக்கிக்கொண்டே இருக்கும். கனடாவின் ஆல்பர்ட்டா போன்ற மாகாணங்களில் கயோட்டிக்கும் ஓநாய்க்கும் இவற்றை வைக்கிறார்கள். நினைத்த வேகத்தில் இவை விலங்கை நினைவிழக்கச் செய்வதில்லை, எது மாட்டும் என்பதற்கும் உத்தரவாதமில்லை என்று கில்பர்ட் ப்ரூ என்ற கனடிய உயிரியலாளர் தொடர்ந்து எழுதிவருகிறார். அந்தக் கண்ணியில் கருப்பன் மாட்டியிருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும், அல்லது இருந்தேயிருக்காது.

நியூ மெக்சிகோவில் அது நடந்தது. 2018-இல் சாண்டா குரூஸ் ஏரிப் பக்கம், பொதுநிலத்தில் உடையவரோடு நடக்கப்போன ராக்ஸி என்ற எட்டு வயது நாய் கண்ணியில் மாட்டி, அவர் கண்ணெதிரே செத்துப்போனது. அவரால் கம்பியைக் கழற்ற முடியவில்லை. அந்தச் செய்தியை வாசித்தபோது என் கைகள் கருப்பன் கழுத்தில் தடுமாறியது நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் கணினியை மூடிவைத்துவிட்டேன். 2021-இல் அந்த மாநிலம் பொதுநிலங்களில் பொறி, கண்ணி, விஷம் மூன்றையும் பெரும்பாலும் தடைசெய்து சட்டம் போட்டது. ராக்ஸி சட்டம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

சரி, மாட்டாமல் இருப்பதற்கு என்ன வேலை? நடக்கிற வேலைதான். பெரியவர் கண்ணி வைப்பதற்குச் செலவிடுவது பத்து நிமிடம் என்றால் அதற்கு முன் நடப்பது பத்து நாள். பனியில் தடம் படிப்பார். கயோட்டியின் பாதம் முட்டை வடிவம், முன்னிரு நகமும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும். நாய்ப் பாதம் உருண்டை, விரல்கள் அகன்று, நகம் மழுங்கி. ஒற்றைத் தடத்தை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது, போகிற போக்கைப் பார் என்றார். கயோட்டி நேர்கோட்டில் போகும், முன்கால் வைத்த குழியிலேயே பின்காலை வைக்கும். பசிக்காலத்தில் அதற்கு ஓரடிகூட வீண்நடை கட்டுப்படியாகாது. நாய்க்கு வீட்டில் சோறு காத்திருக்கிறது. அங்கே ஒரு முகர்தல், இங்கே ஒரு கால்தூக்கல், திடீரென்று ஒரு வட்ட ஓட்டம் என்று கல்யாணத்துக்கு வந்த பையன் மாதிரி அலையும். உருண்டைத் தடம் ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தப் பாதையை விட்டுவிடுவார். பூட்ஸ் தடம் கண்டாலும்தான். மனிதன் நடக்கிற பாதையில் நாயும் நடக்கும்.

இரை வைக்க மாட்டார். கயோட்டி மூத்திரம் என்று புட்டியில் விற்கிறார்கள், அதையும் தெளிக்க மாட்டார். செத்த மாட்டைப் போட்டு அதைச் சுற்றிக் கண்ணி கட்டும் ஆட்களைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் மாறிவிடும். வாசனை கயோட்டியை அழைத்தால் அரை மைல் தள்ளி இருக்கும் நாயையும் அழைக்கும். நாய்க்கு மூக்கு குறைச்சலா? அவர் வைப்பது வெறும் பாதையில். கயோட்டி தினமும் போய்வரும் ஒற்றையடித் தடத்தில், தரையிலிருந்து பத்து அங்குல உயரத்தில் வளையம். 6 அங்குலத்துக்குக் கீழே சட்டம் அனுமதிக்காது. காலமும் டிசம்பர் பிறந்த பிறகுதான். அதற்குள் பறவை வேட்டைக்கு வருகிற நாய்களின் கூட்டம் குறைந்திருக்கும். தினமும் காலையில் போய்ப் பார்த்தாக வேண்டும், அது சட்டம். அவர் வெளிச்சம் வருமுன்பே கிளம்பிவிடுவார். கருப்பன் மாட்டிய அன்று அவர் வேறு திசையிலிருந்து தொடங்கியிருந்தார். நான் அழைக்காவிட்டாலும் பத்தரைக்குள் அங்கே வந்திருப்பார்.

நாய் மாட்டினால் உட்கார்ந்துவிடும் என்பது இவர்கள் எல்லோரும் சொல்கிற விஷயம். கயிறு பழகிய நாய் கழுத்தில் இழுப்பு வந்ததும் ஓரிரு முறை திமிறிப் பார்த்துவிட்டு, சரி, எஜமான் கட்டிவைத்திருக்கிறார் போல என்று காத்திருக்கும். கருப்பன் அப்படித்தான் காத்திருந்தான். மூன்று வருடம் கயிற்றில் கூட்டிப்போனது அன்று அவனைக் காப்பாற்றியது என்றால், ஒரு நாள் கயிறில்லாமல் விட்டதுதான் அங்கே கொண்டுபோயும் சேர்த்தது.

இதிலே இன்னொரு நாய்க்கதையும் உண்டு. அந்த ஆட்டுப் பண்ணையில் இரண்டு கிரேட் பைரனீஸ் இருக்கின்றன; வெள்ளை வெளேரென்று, ஆளை மறைக்கும் உடம்பு. பிறந்ததிலிருந்து ஆடுகளோடேயே வளர்த்து, ஆடுகளைத் தன் கூட்டம் என்று நம்பவைத்த காவல் நாய்கள். இரவு முழுக்கக் குரைக்கும். கயோட்டியை வேலிவரை துரத்தும். வேலிக்கு அடியில் ஓட்டை இருந்தால் வேலிக்கு வெளியேயும் துரத்தும். அங்கே யாருடைய கண்ணி இருக்கும்? கயோட்டியிடமிருந்து ஆட்டைக் காக்க ஒருவர் நாய் வைக்கிறார், இன்னொருவர் கண்ணி வைக்கிறார். இரண்டும் ஒரே ஓட்டையில் சந்திக்கின்றன. என் சம்பவத்துக்குப் பிறகு பெரியவரும் பண்ணைக்காரரும் உட்கார்ந்து பேசினார்கள். ஓட்டையருகே இருந்ததை எடுத்து, ஓடையைத் தாண்டி இருநூறு எட்டு தள்ளி வைத்தார். ஓட்டையை அடைத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். இருவரும் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று தோண்டுமாம். ஆனால் வசந்தத்தில் பண்ணைக்காரர் வேலியின் அடியோரம் மின்கம்பி ஒன்று ஓட்டிவிட்டார். யார் யோசனை என்று கேட்காதீர்கள்.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துப் பிடித்துக் கொல்வதால் பயன் உண்டா என்பது எனக்கு இன்னும் தீரவில்லை. மத்திய அரசின் வனவிலங்குப் பிரிவு மட்டுமே பல ஆண்டுகளில் ஆண்டுக்கு 60 ஆயிரத்துக்கு மேல் கயோட்டிகளைக் கொன்றிருக்கிறது. எண்ணிக்கை குறைந்த மாதிரி தெரியவில்லை. கலிபோர்னியாவில் ஹாப்லேண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1990-களில் செய்த ஆய்வுகள் ஒன்றைக் காட்டின: ஆட்டுக்குட்டியைக் கொல்வது பெரும்பாலும் அந்த எல்லையை ஆளும் ஜோடிதான், அதுவும் குட்டி போட்ட காலத்தில். கண்ணியில் சுலபமாக விழுவதோ ஊர் சுற்றும் இளசுகள். ஆக, குற்றவாளி ஒருவன், தண்டனை இன்னொருவனுக்கு. அதே மாநிலத்தின் மாரின் கவுண்டி 2000-இல் இந்தக் கொலைவேலைக்குக் கொடுத்த பணத்தை வேலிக்கும் காவல் நாய்க்கும் திருப்பிவிட்டது. இதைப் பெரியவரிடம் சொன்னேன். மறுக்கவில்லை. அதனால்தான் கொல்லப்பட்ட குட்டி கிடந்த இடத்திலிருந்து தொடங்கி அந்த ஜோடியின் பாதையைத் தேடுகிறேன், வயல் முழுக்க இருபது கண்ணி கட்டுவதில்லை என்றார். ஒரு குளிர்காலத்துக்கு அவர் வைப்பது ஆறு. நல்ல பதில்தான். முழுப் பதிலா என்று தெரியவில்லை.

தோலுக்காகச் செய்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன். ஒரு காலத்தில் கயோட்டித் தோலுக்கு நல்ல விலை. குளிர்கோட்டுத் தொப்பியின் ஓரத்தில் வைத்துத் தைப்பார்கள். 2019-இல் வட அமெரிக்காவின் பெரிய தோல் ஏல நிறுவனம் ஒன்று கடனில் மூழ்கியது. 2021-இல் கனடா கூஸ் கம்பெனி இனி ரோமமே வேண்டாம் என்று அறிவித்தது. இப்போது தோல் விற்ற காசு ட்ரக்குக்கு டீசல் போடக்கூடக் காணாது என்கிறார். பண்ணைக்காரர் கொடுக்கும் கறிக்காகவும், வீட்டில் சும்மா உட்கார முடியாததற்காகவும் நடக்கிறார் என்பது என் கணிப்பு.

நாய் வைத்திருப்பவர்களுக்கு என் பங்குக்கு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி பாதிவரை கருப்பன் கயிறில்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. என் கோட்டுப் பையில் எப்போதும் கேபிள் வெட்டும் கத்திரி இருக்கிறது, ஃபெல்கோ என்ற சுவிஸ் கம்பெனியுடையது. சாதாரண இடுக்கி இந்தக் கம்பியைக் கடிக்காது. வாங்குமுன் நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், இடுக்கிதான் போயிற்று. வெட்டாமலும் கழற்றலாம்: நாயை முளைப் பக்கம் தள்ளிக் கம்பியைத் தொய்யவிடுங்கள், முகத்தில் கோட்டைப் போர்த்துங்கள் (வலியில் இருக்கும் நாய் சொந்தக்காரரையும் கடிக்கும்), பூட்டைக் கம்பிக்கு நேராக நிமிர்த்திப் பின்னால் நகர்த்துங்கள். பெரியவர் தந்த பழைய கண்ணி ஒன்றைத் தலையணையில் மாட்டி நானும் மனைவியும் பழகினோம். அவளுக்கு நான்கு விநாடி, எனக்குப் பதினொன்று. இன்னொன்று: நாயை விடுவிக்கலாம், ஆனால் ஆத்திரத்தில் சட்டப்படி வைத்த கண்ணியைப் பிடுங்கி ஓடையில் எறிந்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். தகட்டில் இருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

இந்த டிசம்பரில் முதல் சுற்றுக்கு மறுபடி அவரோடு போனேன். புதுப்பனி பெய்து இரண்டு நாள். ஓடைக்கு அந்தப்பக்கம், போன வருடம் மாற்றிவைத்த அதே இடத்தில் காலையில்தான் வளையத்தைக் கட்டிமுடித்திருந்தார். திரும்பும் வழியில் பத்தடி தள்ளி நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். என்னையும் கூப்பிட்டு, சொல்லு என்றார்.

உருண்டைத் தடம். விரல் அகன்றிருந்தது. நகம் மழுங்கல். கொஞ்ச தூரம் நேராகப் போய், காரணமே இல்லாமல் வளைந்து, ஒரு மரத்தடியில் நின்று, திரும்ப வந்திருந்தது.

"கருப்பனா?"

இல்லை என்றேன். அவன் பாதம் இதைவிடப் பெரிது. அவரது பீகிள் போன மார்ச்சிலேயே போய்விட்டது. சுற்றுவட்டத்தில் நாய் இருக்கும் வீடுகளை இருவரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். எதுவும் பொருந்தவில்லை.

அவர் திரும்பிப் போய் வளையத்தைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். வளையத்தைத் தாங்கிப் பிடித்த கம்பியை மட்டும் பிடுங்க மறந்துவிட்டார் போல. நாங்கள் ஓடையைத் தாண்டி வந்த பிறகும் பனிக்கு மேலே அது தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.